பெயரில்தான் குளிர்

வாசகர் கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்து வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு, குடிப்பழக்கம் இல்லை. இந்த வருடம் தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடத்தோடு நடந்தார். மறுநாள் இரண்டு கணுக்காலுக்கு மேலும் சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள். தார்ச்சாலைச் சூடு என்று விட்டுவிட்டோம். அப்புறம் கை மூட்டு வலி, பாதத்தில் எரிச்சல். ஏப்ரலில் சிறுநீர் நுரைத்தது, கால் வீங்கியது. பலதுறை மருந்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ‘கலப்பு கிரையோகுளோபுலினீமியா’ என்கிறார்கள். ஹெபடைடிஸ் சி இருக்கிறதாம், கிட்னியையும் தொட்டுவிட்டதாம். கல்லீரல் டாக்டர் வைரஸ் மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்கிறார். கிட்னி டாக்டர் பயாப்சி, ரிட்டுக்ஸிமாப் ஊசி என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? நோயின் பெயரிலேயே குளிர் இருக்கிறது என்று எங்கேயோ கேட்டுவிட்டு, அத்தை எங்கள் வீட்டு ஏர்கானை நிறுத்திவிட்டார். ‘எனக்கு எப்படி இந்த வியாதி?’ என்று அப்பா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 1986-ல் வேலையிடத்தில் விழுந்து தொடை எலும்பு உடைந்து, அறுவை சிகிச்சையில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். மூட்டு வலிக்கு ஜொகூரில் வாங்கிய வலி மாத்திரையைச் சாப்பிடுகிறார். ஆவணியில் கும்பகோணத்தில் அவருடைய அண்ணன் பேத்திக்குக் கல்யாணம், போயே தீர வேண்டும் என்கிறார். பரிசோதனை அறிக்கைகளை இணைத்திருக்கிறேன்.
– ஒரு மகள், யீஷூன், சிங்கப்பூர்

பதில்: முதலில் ஏர்கானைப் போடச் சொல்லுங்கள். மே மாதப் புழுக்கத்தில் கால் வீங்கிய மனிதரை வேர்க்க வைப்பதால் ஒரு பலனும் இல்லை. அத்தை மீதும் தப்பில்லை. ‘கிரையோ’ என்றால் கிரேக்க மொழியில் குளிர்தான். ஆனால் அந்தக் குளிர் சோதனைக்கூடத்துக் குழாயில் இருப்பது, உங்கள் வீட்டில் இருப்பதல்ல.

மிச்சமான கோழிக்குழம்பைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மேலே வெள்ளையாக உறைகிறது, சுட வைத்தால் கரைந்துவிடுகிறது இல்லையா? இந்த நோயாளிகளின் ரத்தத்தில் இருக்கும் சில எதிர்ப்புப் புரதங்களும் அப்படித்தான். 37 டிகிரிக்குக் கீழே போனால் படிகின்றன, சூடாக்கினால் கரைகின்றன. அந்தக் குணத்தை வைத்துப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஆனால் அப்பாவின் கிட்னி என்றைக்கும் குளிரில் இருந்ததில்லை. ஏர்கான் 18-ல் ஓடினாலும் உடம்புக்குள்ளே 37 டிகிரிதான். அந்தச் சூட்டிலேயே பாதிப்பு நடந்திருக்கிறது.

நடந்தது இதுதான். நம் உடம்பில் ஐஜிஜி, ஐஜிஎம் என்று எதிர்ப்புப் புரதங்கள் பல வகை. அப்பாவுக்கு உருவாகியிருக்கும் ஒரு தவறான ஐஜிஎம், கிருமியைப் பிடிப்பதை விட்டுவிட்டு, சொந்த ஐஜிஜியையே கட்டிப் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்து கட்டிகட்டியாகி, நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்துக்குக் ‘காம்ப்ளிமென்ட்’ என்ற தற்காப்புப் புரதங்களும் வெள்ளணுக்களும் ஓடிவந்து சண்டை போட, குழாய் அழன்று ரத்தம் கசிகிறது. தோலில் கசிந்தால் சிவப்புப் புள்ளி. நரம்புக்குப் போகும் குழாயில் என்றால் பாத எரிச்சல். புள்ளி ஏன் காலில் வருகிறது என்றால், நெடுநேரம் நின்றால், நடந்தால், ரத்தம் கீழே தேங்குகிறது. பால்குடத்தோடு மணிக்கணக்கில் நின்று நடந்த மறுநாள் அது தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை. தைப்பூசம் நோயைத் தரவில்லை, வெளியே காட்டிக் கொடுத்தது.

குளிர் உண்மையிலேயே ஆளை வாட்டும் ஒரு வகையும் இருக்கிறது. அதை முதல் வகை என்போம். ஒரே அச்சில் வார்த்த புரதம் மட்டும் பெருகுவது, பெரும்பாலும் ரத்தப் புற்றுநோய்களோடு சேர்ந்து வருவது. குளிரில் விரல் நுனியும் காது மடலும் கறுத்துப்போகிறவர்கள் அவர்கள். அப்பாவின் அறிக்கையில் ‘மோனோகுளோனல் ஐஜிஎம் கப்பா, பாலிகுளோனல் ஐஜிஜி’ என்று இருக்கிறது. அதாவது ஒரே அச்சில் வார்த்த ஐஜிஎம்மோடு பல அச்சில் வார்த்த ஐஜிஜியும் சேர்ந்திருக்கிறது. இது இரண்டாம் வகை, கலப்பு வகை. குளிரில் கை கால் விறைத்தால் காலுறை போட்டுக்கொள்ளட்டும். அதற்கு மேல் வேண்டியதில்லை.

அறிக்கைகளில் இன்னொன்றைக் கவனித்தேன். முதல் தடவை எடுத்த கிரையோகுளோபுலின் பரிசோதனை ‘இல்லை’ என்று வந்து, இரண்டாம் தடவை ‘இருக்கிறது’ என்று வந்திருக்கிறது. டாக்டர்கள் குழம்பிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்த ரத்தத்தை முன்கூட்டியே சூடாக்கிய குழாயில் எடுத்து, 37 டிகிரி சூடு குறையாமல் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய், அதே சூட்டில் உறையவிட்டுத் தெளிநீரைப் பிரிக்க வேண்டும். பிறகுதான் 4 டிகிரி குளிரில் பல நாள், சில சமயம் ஒரு வாரம் வரை, வைத்துப் பார்ப்பார்கள். வழியில் சூடு இறங்கினால் தேடுகிற புரதம் உறைந்த ரத்தத்தோடு அடியில் போய்விடும், மேலே ஒன்றும் இருக்காது. வெளியே 32 டிகிரி அடிக்கும் ஊரில், ஏர்கான் அறையில் குழாய் பத்து நிமிடம் காத்திருந்ததால் பரிசோதனை பொய்த்துப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் நோயின் மற்ற அடையாளங்கள் பொருந்தும்போது ஒரு ‘இல்லை’யோடு விடக்கூடாது. அப்பாவின் டாக்டர்கள் விடவில்லை.

இனி, அப்பா கேட்கும் கேள்வி: எனக்கு எப்படி?

1966-ல் மெல்ட்சர், ஃப்ராங்க்ளின் என்ற மருத்துவர்கள் தோலில் புள்ளி, மூட்டு வலி, உடல் தளர்ச்சி என்ற மூன்றும் சேர்ந்து வருவதை இந்தப் புரதத்தோடு இணைத்து எழுதினார்கள். காரணம் தெரியாததால் ‘தானாக வருவது’ என்று பெயர் வைத்தார்கள். அடுத்த இருபது வருடம் மருத்துவ உலகம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தது. 1989-ல் ஹெபடைடிஸ் சி வைரஸைக் கண்டுபிடித்தார்கள். பிறகு பழைய ‘தானாக வந்த’ நோயாளிகளைச் சோதித்தால், பெரும்பாலோர் உடம்பில் அந்த வைரஸ் உட்கார்ந்திருந்தது! கலப்பு வகையில் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு அதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கு 2020-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

அப்பாவுக்கு ரத்தம் ஏற்றியது 1986-ல். அப்போது இந்த வைரஸுக்குப் பெயரே கிடையாது. எந்த நாட்டு ரத்த வங்கியும் அதைச் சோதித்துப் பார்த்திருக்க முடியாது. அந்த ரத்தத்திலிருந்துதான் வந்தது என்று இன்று நிரூபிக்க வழியில்லை, ஆனால் மிகவும் சாத்தியமான வழி அதுதான். குடித்ததால் வந்ததல்ல, தப்பு வழியில் போனதால் வந்ததும் அல்ல. உயிரைக் காப்பாற்ற ஏற்றிய ரத்தத்தில் யாருக்கும் தெரியாமல் வந்த விருந்தாளி. இந்தப் பத்தியை மட்டுமாவது அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நோயைவிட வெட்கம்தான் சிலரைச் சிகிச்சையிலிருந்து தள்ளிவைக்கிறது.

கல்லீரல் வைரஸுக்குக் கிட்னியில் என்ன வேலை? எதிர்ப்புப் புரதங்களைச் செய்யும் பி அணுக்களை இந்த வைரஸ் ஓயாமல் சீண்டிக்கொண்டே இருக்கிறது. முப்பது, நாற்பது வருடச் சீண்டலில் சில அணுக்கள் நிதானம் இழந்து, மேலே சொன்ன தவறான ஐஜிஎம்மை உற்பத்தி செய்ய ஆரம்பிக்கின்றன. இந்த வைரஸ் உள்ளவர்களில் பலருக்கு ரத்தத்தில் கொஞ்சம் கிரையோகுளோபுலின் இருக்கும், ஆனால் சிலருக்குத்தான் அது நோயாக மாறும். ஹெபடைடிஸ் சி இல்லாதவர்களுக்கு ஹெபடைடிஸ் பி, எச்ஐவி, உடம்பு தன்னையே தாக்கும் ஷோக்ரன், லூபஸ் நோய்கள், லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று வேறு காரணங்களைத் தேடுவோம். அப்பாவுக்கு அந்தத் தேடல் அவ்வளவு அவசியப்படாது.

ஒரு பழைய தவறைச் சொல்லிக்கொள்கிறேன். நான் பயிற்சி டாக்டராக இருந்தபோது ஓர் அம்மா மூட்டு வலியோடு வந்தார். முடக்குவாதத்துக்காக ரத்தத்தில் பார்க்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் எக்கச்சக்கமாக இருந்தது. முடக்குவாதம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்தத் தவறான ஐஜிஎம்தான் ருமட்டாய்டு ஃபேக்டர் என்பது அன்று என் மண்டையில் உறைக்கவில்லை. அவர் காலிலிருந்த புள்ளிகளைப் பார்க்கப் புடவையை ஓர் அங்குலம் உயர்த்தச் சொல்லியிருந்தால் போதும். ஐந்து மாதம் கழித்து, முகமெல்லாம் வீங்கித் திரும்பி வந்தார். அன்றிலிருந்து மூட்டு வலி என்று வருகிறவர்களின் காலைப் பார்க்காமல் விடுவதில்லை, ஒரு குப்பிச் சிறுநீரும் கேட்டு வாங்கிவிடுவேன்.

அப்பாவின் எண்களுக்கு வருவோம். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் மார்ச்சில் லிட்டருக்கு 96 மைக்ரோமோல், ஏப்ரல் கடைசியில் 148. அவர் வயதுக்குக் கணக்குப் போட்டால் கிட்னியின் வேலைத்திறன் சுமார் 75-லிருந்து 45-க்கு இறங்கியிருக்கிறது. சிறுநீரில் ஒரு நாளைக்கு 3.8 கிராம் புரதம் போகிறது, 3.5-ஐத் தாண்டினாலே மிகக் கடுமையான ஒழுகல். சிறுநீரில் சிவப்பணுக்களும் இருக்கின்றன. ரத்த அழுத்தம் 158/92. சி3 என்ற காம்ப்ளிமென்ட் லேசாகத்தான் குறைந்திருக்கிறது, சி4 தரைமட்டத்துக்குப் போயிருக்கிறது. சி3 தாக்குப்பிடித்து சி4 மட்டும் இப்படி விழுந்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த நோய்தான். பத்து வருடச் சர்க்கரைக்காரருக்கு நுரை வந்தால் சர்க்கரைதான் காரணம் என்று முடிவு கட்டுவது சுலபம். ஆறு வாரத்தில் இவ்வளவு வேகமாகச் சர்க்கரை கிட்னியை இறக்காது.

ஒவ்வொரு கிட்னியிலும் பத்து லட்சம் அளவில் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ரத்தக் குழாய்ச் சுருள். புரதக் கட்டிகள் அந்தச் சுருளின் உட்சுவரில் படிந்து, சில இடத்தில் குழாயையே அடைத்துவிடுகின்றன. சுவர் தடித்து இரண்டாகப் பிரிந்தது போல நுண்ணோக்கியில் தெரியும். ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் இதனால் சிறுநீரில் ஒழுகுகிறது. அதுதான் நுரை. ரத்தத்தில் புரதம் குறைய, உப்பும் நீரும் தங்கிக் கால் வீங்குகிறது.

அப்படியானால் எந்த டாக்டர் சொல்வது சரி? இரண்டு பேருமே. சமையலறையில் தீப்பிடித்தால் ஒருவர் கேஸை மூடு என்பார், இன்னொருவர் எரிகிற திரைச்சீலையில் தண்ணீரை ஊற்று என்பார். வைரஸ் மாத்திரை கேஸை மூடுவது. ரிட்டுக்ஸிமாப் தண்ணீர். கிட்னி நிலையாக இருந்து, புரதம் கொஞ்சமாகப் போகிறவருக்கு வைரஸ் மாத்திரை மட்டும் கொடுத்துப் பொறுத்துப் பார்ப்பது வழக்கம். பலருக்கு அதுவே போதும். அப்பா அந்த இடத்தைத் தாண்டிவிட்டார். வைரஸ் சில வாரத்தில் மறைந்தாலும், ஏற்கெனவே தறிகெட்ட பி அணுக்கள் மாதக்கணக்கில் அந்தப் புரதத்தைச் செய்துகொண்டே இருக்கும். கிட்னி அதுவரை காத்திருக்காது. இவர் நிலையில் இருப்பவருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. நான் அவரை நேரில் பார்க்கவில்லை, முடிவு அந்த டாக்டர்களுடையது. ஆனால் ‘இரண்டு சிகிச்சையையும் எந்த வரிசையில், எந்தத் தேதியில் ஆரம்பிக்கப் போகிறீர்கள்?’ என்று இருவரையும் கேளுங்கள். ‘எது?’ என்று கேட்டால்தான் இருவரும் முரண்படுவது போலத் தோன்றும்.

பயாப்சிக்குப் பயப்படுவது இயல்பு. ‘கிட்னியில் ஊசி குத்தினால் கிட்னி போய்விடும்’ என்று தேக்காவில் டீ குடிக்கும் நேரத்தில் நான்கு பேராவது சொல்லியிருப்பார்கள். குப்புறப் படுக்கவைத்து, முதுகை மரக்க வைத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே நூல் கனத்தில் ஒன்றிரண்டு துணுக்குகள் எடுப்பார்கள். பத்து லட்சம் வடிகட்டியில் இருபது, முப்பது போகும், அவ்வளவுதான். அப்புறம் பல மணி நேரம் மல்லாந்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் சிறுநீர் சிவப்பாகப் போகலாம். ரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்குக் கசிவு நூற்றில் ஓரிருவருக்கு ஏற்படும். அதைக் குறைக்கத்தான் முதலில் ரத்த அழுத்தத்தை இறக்குவார்கள், ஆஸ்பிரின் இருந்தால் நிறுத்துவார்கள். சர்க்கரை எவ்வளவு, கிரையோகுளோபுலின் எவ்வளவு, இன்னும் காப்பாற்றக்கூடியது எவ்வளவு என்று சொல்ல வேறு வழியில்லை.

ரிட்டுக்ஸிமாப்பை ஊசி என்று சொல்கிறோமே தவிர, பல மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும் ட்ரிப் அது. பி அணுக்களை அழிக்கும். வாரம் ஒன்றாக நான்கு, அல்லது இரண்டு வார இடைவெளியில் இரண்டு என்று கொடுப்பார்கள். முதல் தடவை குளிர் நடுக்கமோ காய்ச்சலோ வரலாம், அதனால் மெதுவாகவே ஏற்றுவார்கள். கூடவே ஸ்டீராய்டு இருக்கும். அந்த வாரங்களில் சர்க்கரை ஏறும், விரலில் குத்திப் பார்க்கும் கருவியை வீட்டில் தயாராக வைத்திருங்கள். கிட்னி படுவேகமாக இறங்கினால் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சையும் உண்டு. ரத்தம் உடம்புக்கு வெளியே குழாயில் ஓடும் என்பதால், மாற்றிக் கொடுக்கும் திரவத்தைச் சூடாக்கித்தான் கொடுப்பார்கள். அத்தை சொன்ன குளிருக்கு மரியாதை தருவது அந்த இடத்தில்தான்.

ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்தாகிவிட்டதா? பழைய ஹெபடைடிஸ் பி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால், ரிட்டுக்ஸிமாப்பும் சரி, ஹெபடைடிஸ் சி மாத்திரையும் சரி, அதை எழுப்பிவிடக்கூடும். கல்லீரலையே பறிக்கும் அளவுக்கு எழும். இங்கே அப்பா வயதுக்காரர்களிடம் ஹெபடைடிஸ் பி அபூர்வமில்லை. இருந்தால் அதற்கும் ஒரு மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பார்கள்.

வைரஸ் மாத்திரை விஷயத்தில் அப்பா அதிர்ஷ்டக்காரர். முன்பு இன்டர்ஃபெரான் ஊசியை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு, காய்ச்சலும் மனச்சோர்வுமாய்க் கிடந்து, பாதிப் பேருக்குத்தான் குணமாகும். இப்போது சோஃபாஸ்புவிர்-வெல்பாடாஸ்விர் என்றால் தினம் ஒரு மாத்திரை, 12 வாரம். கிளெகாப்ரெவிர்-பிப்ரெண்டாஸ்விர் என்றால் சாப்பாட்டோடு தினம் மூன்று, பெரும்பாலும் 8 வாரம். நூற்றில் 95 பேருக்கு மேல் வைரஸ் ஒழிந்துவிடுகிறது. கிட்னி பலவீனமானவர்களும் சாப்பிடலாம். முடித்து 12 வாரம் கழித்து ரத்தத்தில் வைரஸ் இல்லையென்றால் குணம்.

ஆனால் இவை மற்ற மருந்துகளோடு மோதும். முதல் மருந்து சாப்பிடும்போது ஓமிப்ரசோல் போன்ற வயிற்று அமில மாத்திரை சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது. இரண்டாவதோடு கொலஸ்ட்ரால் மாத்திரையான அடோர்வாஸ்டாட்டின் கூடாது. சர்க்கரைக்காரர்கள் பலர் அதைச் சாப்பிடுகிறார்கள். மெட்ஃபார்மின் அளவையும் கிட்னியைப் பார்த்துக் குறைக்க வேண்டியிருக்கலாம். வீட்டிலிருக்கும் மாத்திரை, லேகியம், சூரணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்ப் பார்மசிஸ்ட் மேசையில் கொட்டுங்கள். ஜொகூர் மாத்திரை மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம், இன்று இரவே நிறுத்துங்கள். அந்த வகை வலி மாத்திரைகள் கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். 45-ல் நிற்கும் கிட்னியை அதுவே இன்னும் கீழே தள்ளும். வலிக்குப் பாராசிட்டமால், அதுவும் டாக்டர் சொல்லும் அளவில்.

டயாலிசிஸ் வரை போகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தப் பயம்தான் இருக்கிறது. இந்த நிலையிலிருந்து பலர் மீண்டு வருகிறார்கள். கிரியாட்டினின் சில வாரங்களில் இறங்க ஆரம்பிக்கலாம், நுரை குறையப் பல மாதம் ஆகும். 96-க்கே திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், தழும்பான வடிகட்டி திரும்ப வராது. வைரஸ் போன பிறகும் சிலருக்குக் கிரையோகுளோபுலின் வருடக்கணக்கில் மீதமிருக்கும், நோய் திரும்பவும் தலைகாட்டலாம். லிம்ஃபோமா வர வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். அதனால் ‘வைரஸ் போய்விட்டது’ என்றதும் கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிடக்கூடாது. லோசார்டன் போன்ற அழுத்த மாத்திரை புரத ஒழுகலையும் குறைக்கும். உப்பைக் குறைக்கச் சொன்னால் வீட்டுச் சாப்பாட்டை மட்டும் நினைப்பார்கள், காலையில் பராட்டாவோடு ஊற்றிக்கொள்ளும் குழம்பைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அதையும் சேருங்கள்.

வீட்டில் தட்டு, டம்ளரைப் பிரிக்காதீர்கள். சேர்ந்து சாப்பிடுவதால், தொடுவதால் இது பரவாது. சவரக்கத்தி, பல் தூரிகை, நகவெட்டி மட்டும் தனியாக இருக்கட்டும். அம்மா ஒரு தடவை பரிசோதனை செய்துகொள்ளட்டும். அம்மாவுக்கு இல்லையென்றால், பிறக்கும்போது உங்களுக்கு வந்திருக்கும் என்ற கவலை வேண்டாம். செலவைப் பற்றி: ட்ரிப் ஏற்றும் தேதிக்கு முன்பே மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணியாளரைப் பாருங்கள். மெடிஷீல்டு லைஃப் காப்பீடு, மெடிசேவ் சேமிப்பு எதற்கு எவ்வளவு பொருந்தும், மிச்சத்துக்கு மெடிஃபண்ட் உதவி நிதி கேட்கலாமா என்று அவர்கள் கணக்குப் போட்டுத் தருவார்கள். பில் வந்த பிறகு போகிறவர்கள்தான் அதிகம்.

சிறுநீர் திடீரென்று குறைந்தால், மூச்சு வாங்கினால், இருமலில் ரத்தம் வந்தால், பாதம் தூக்க முடியாமல் தொங்கினால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கும்பகோணம். இந்த மாதமே சிகிச்சை ஆரம்பித்தால், 12 வார மாத்திரையாக இருந்தாலும் ஆவணிக்குள் முடிந்துவிடும். கிரியாட்டினின் இறங்கி, காலும் வற்றியிருந்தால், நான் போகவே சொல்வேன். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள். ரிட்டுக்ஸிமாப் போட்ட பிறகு மாதக்கணக்கில் கிருமி எதிர்ப்பு குறைவாக இருக்கும், தடுப்பூசிகளும் சரியாகப் பிடிக்காது. சளிக்காய்ச்சல், நிமோனியா ஊசிகளை ட்ரிப்புக்கு முன்பே போட முடியுமா என்று கேளுங்கள், ஆனால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். கல்யாண வீட்டில் காய்ச்சல் வந்தால் ‘ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்’ என்று பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப்போக நாலு உறவினர் தயாராக இருப்பார்கள். வலி ஊசி எதையும் போட விடாதீர்கள். நோயின் பெயர், மருந்துகள், கடைசிக் கிரியாட்டினின் எல்லாம் எழுதிய ஒரு கடிதத்தை டாக்டரிடம் வாங்கி அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள். மண்டபத்தில் வாசலில் நின்று வரவேற்கும் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். அப்பாவுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி, கால் வைக்க ஒரு முக்காலி. மண்டபம் ஏசி என்றால் நல்லதுதான்.